திருப்பிப் போட்ட கட்டில்கள்

என் அக்காவை அவள் அலுவலகத்தில் ‘சிஐடி’ என்று கூப்பிடுவார்கள். அத்தானும் அவளும் சேர்ந்து நடத்தும் கட்டட வடிவமைப்பு அலுவலகம் அது. கட்டி முடித்ததும், ஆட்கள் நுழைவதற்குள் படம் எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்பது அங்கே வழக்கம். அக்கா மட்டும் ஆட்கள் வந்த பிறகு போவாள். மூலையில் உட்கார்ந்து, யார் எங்கே நிற்கிறார்கள், எந்தக் கதவுக்கு முட்டுக்கொடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பல வருடம் ஊர் சுற்றிவிட்டுத் திரும்பியிருந்த என்னையும் ஒருநாள் இழுத்துப் போனாள். “சும்மா தானே இருக்கே, வாடி.”

அது அத்தானுக்கு விருது வாங்கித் தந்த மருத்துவமனை. வார்டின் ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. படுத்தபடியே வானம் பார்க்கலாம் என்பது அவர் யோசனை. காலை வெயில் முகத்தில் அடித்ததால் எல்லாக் கட்டில்களையும் திருப்பிப் போட்டிருந்தார்கள். நர்ஸை அழைக்கச் சுவரில் பதித்த மணி இப்போது கால்மாட்டில். ஒரு பெரியவர் தம்ளரால் கட்டில் கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தார். யாருக்கும் கேட்கவில்லை. அக்கா ஓடிப்போய் மணியை அழுத்தினாள்.

அதே வரைபடத்தை வைத்துத்தான் இன்னொரு மருத்துவமனையும் கட்டவிருந்தார்கள்.

“ஏங்க, இதை மாத்தணும்,” என்றாள் அக்கா, அலுவலகத்துக்குத் திரும்பியதும்.

“அவங்க தலைகீழா படுத்தா நான் என்ன பண்றது?” என்றார் அத்தான்.

“ஜுரத்துல கிடக்கிறவனுக்கு நீங்க போய் பிளானைப் படிச்சுக் காட்டுங்களேன்.”

புதிய மருத்துவமனையின் டாக்டரைப் பார்க்கப் போனபோது நானும் உடன் இருந்தேன். வரைபடத்தை விரித்ததுமே அக்கா வெயில், கட்டில், மணி என்று ஆரம்பித்துவிட்டாள். நடுவில் நிறுத்தி, “காலை மிதிக்காதீங்க,” என்றாள் அத்தானிடம். டாக்டர் சிரித்துவிட்டார்.

“நல்லவேளை சொன்னீங்க மேடம். எங்களுக்கு மாத்தியே வரைஞ்சிடுங்க.”

திரும்பும்போது காரில் அத்தான் சொன்னார்: “உன் ஆராய்ச்சி ஜெயிச்சாச்சு. பழைய ஆஸ்பத்திரியில மட்டும் வாயைத் திறக்காதே. பேரு கெட்டுடும்.”

“அங்க படுத்திருக்கிறவங்க?”

சிக்னலில் கார் நின்றதும் அக்கா கதவைத் திறந்து இறங்கினாள்.

“ஏய், எங்க போற?”

“மணியை இடம் மாத்தச் சொல்லப் போறேன். நம்ம தப்புன்னும் சொல்லுவேன்.”

பச்சை விழுந்தது. பின்னால் ஹாரன்கள் அலறின. அத்தான் வண்டியை எடுக்கவில்லை.

“அவ சொன்னா மாத்துவாங்களா?” என்று வண்டிக் கண்ணாடி வழியாகப் பின்சீட்டிலிருந்த என்னைக் கேட்டார். மாற்ற வேண்டும் என்று நினைக்கிறாரா, கூடாது என்றா, அவர் முகத்தில் தெரியவில்லை.