தெருமுக்கில் தொடங்கவேண்டிய அழுகை

என் அம்மா செத்ததற்கு நான் அழவில்லை என்று எங்கள் ஊர் அனுமந்தன்பட்டியில் இன்னும் பேசுகிறார்கள். பேசட்டும். யார் வாயை யார் மூட முடியும்?

எங்கள் பக்கத்தில் பிறந்த மகள் என்றால் தெருமுக்கிலேயே அழுகையைத் தொடங்கி, மாரில் அடித்துக்கொண்டு சாவு வீட்டுக்குள் நுழைய வேண்டும். இந்தோனேசியாவில், சுரபாயா பக்கம் ஒரு நூற்பாலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நானும் அப்படித்தான் செய்தேன். எதிர்வீட்டுப் பெரியவர் இறந்துபோனார். தினமும் காலையில் என்னைப் பார்த்துச் சிரித்த மனிதர். சேதி கேட்டதும் மில்லிலிருந்து ஓடிவந்தேன். தெருமுக்கில் ஆரம்பித்த என் ஓலம் அவர்கள் வாசல் வரைக்கும் போனது. அங்கே ஒரு சத்தம் இல்லை. கூடியிருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி எழுந்து வந்து, தன் முக்காட்டு நுனியால் என் முகத்தைத் துடைத்தார். "அவர்மேல் கண்ணீர் விழக் கூடாது. போகிற பாதை அவருக்குக் கனத்துவிடும்" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டின புருஷன் செத்துக் கிடக்கிறான், இவளுக்கு நெஞ்சா கல்லா என்று நினைத்தேன். அப்புறம் ஏழு நாளும் பார்த்தேன். சாயங்காலமானால் தெருவே அங்கே கூடி குர்ஆன் ஓதியது. வீட்டுக்கு வீடு சோறு வந்தது. அந்த அம்மாளை ஒரு நாள்கூடத் தனியாக உட்கார விடவில்லை. அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டேன்.

போன வருஷம் அம்மா போனாள். இரண்டு விமானம் மாறி, மதுரையில் இறங்கி, கார் பிடித்து வந்து சேர்ந்தேன். அப்பாவின் தங்கை, என் அத்தை, தெருமுக்கில் என்னைக் கட்டிப்பிடித்து ஓங்கிக் குரல் எடுத்தாள். எனக்கு வரவில்லை. அவளை விலக்கிவிட்டு உள்ளே போய், ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்து உட்கார்ந்தேன். அம்மாவின் மூக்குத்தியைக் கழற்றியிருந்தார்கள். அவளோடு சும்மா இருக்கவேண்டும் போலிருந்தது.

அத்தை விடுவாளா? "ஏ ஆத்தா, பெத்தவ போயிட்டா, வாயத் தொறக்குறாளா பாரு! டிவியில பாத்தேனே, அங்கன கலவரத்துல பஸ்ஸெல்லாம் கொளுத்துறானுக. அந்தச் சனத்தோட இருந்தா நெஞ்சுல ஈரம் எங்கிட்டு இருக்கும்?"

"பஸ் எரிஞ்ச அன்னைக்கு என்னைய வெளிய விடாம சோறு பொங்கிப் போட்டதும் அந்தச் சனம்தான் அத்த" என்றேன்.

அண்ணன் குனிந்து காதில் சொன்னான். "வந்தவுக ஒரு மாதிரி பேசுறாக. ஊருக்காகவாச்சும் ஒரு சத்தம் போடு."

"ஊருக்காக நான் அழ மாட்டேன்."

அம்மாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கிடத்தி, வாய்க்கரிசிக்குக் கூப்பிட்டார்கள். என் முறை வந்ததும் அத்தை அரிசித் தட்டைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். "அழுகாதவ கை அரிசி எங்க மதினிக்கு வேணாம்."

அண்ணன் தரையைப் பார்த்தான். அந்த ஒரு பிடி அரிசிக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன். எட்டி, அவள் மடியிலிருந்தே கை நிறைய அள்ளினேன்.

"என்னையப் பெத்தவ அத்த. வேணாங்கிறதுக்கு நீ யாரு?"

மூன்று தடவை அம்மாவின் வாயில் போட்டேன். அப்போதும் கண் நனையவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பினேன். சுரபாயாவில் டாக்சி என்னைத் தெருமுக்கில் இறக்கிவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துடைப்பத்தைக் கீழே போட்டார். அவ்வளவுதான். "யெம்மா, என்னையப் பெத்த ஆத்தா" என்று அந்தத் தெருமுக்கிலேயே தொடங்கினேன். மாரில் அடித்துக்கொண்டு, தமிழில். கதவுகள் திறந்தன. இந்தத் தடவை யாரும் என் முகத்தைத் துடைக்க வரவில்லை. அந்த அம்மாள் மட்டும் வந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நான் அழுது முடிக்கும்வரை என்கூடவே மெதுவாக நடந்தார்.