டோய்ல் கேட்ட ஒரே மீன்

மலையடி ஊரான பைன்டேலில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறாள் ஆர்லீன். குளிர்காலம் முழுக்க ஊருக்கு உழைப்பவள் ஆகஸ்டில் ஒரு வாரம் மீன் பிடிக்க மலையேறி விடுவாள். முப்பது வருஷமாகப் புருஷன் டோய்லோடு போனாள். இந்த வருஷம் அவன் இதயம் அந்த உயரத்தைத் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு, ஒரே ஒரு மீன் கொண்டு வா," என்றான் டோய்ல். "கல்யாணமான வருஷம் தின்னோமே, அந்த ருசி. இன்னொரு தடவ பாத்துடறேன்."

"ஒண்ணு என்ன, ரெண்டா கொண்டு வரேன். வாணலிய தேய்ச்சு வை, கிழவா."

இரண்டு நாள் ஏற்றம். முதுகில் கூடாரம், கரடியால் திறக்க முடியாத சாப்பாட்டு டப்பா, தூண்டில் கோல். எதிரே வந்த ஒரு ஜோடி, எந்த ஏரிக்கு என்று கேட்டார்கள். கூசாமல் வேறொரு ஏரியின் பெயரைச் சொன்னாள். மீன் பிடிக்கிறவர்கள் மத்தியில் அது பொய்யில் சேராது.

மரங்களெல்லாம் கீழேயே நின்றுவிட்ட உயரத்தில் ஏரி கிடந்தது. துளிக் காற்றில்லை. மேகங்கள் தண்ணீருக்குள் நடந்து போயின. பாறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு, வந்து ஒரு மணி நேரமா ஒரு ஆயுளா என்று தெரியவில்லை. பக்கத்தில் டோய்ல் மூக்கை உறிஞ்சுவது போலவே இருந்தது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; திரும்பினால் அவன் இருக்க மாட்டான்.

கோல் வளைந்தது. தங்க உடம்பு, சிவந்த வயிறு, முழங்கை நீளத்துக்கு ஒரு ட்ரௌட் மீன். கையை நனைத்துக்கொண்டாள், காய்ந்த கை மீனுக்கு ஆகாது. கொக்கி சுலபமாகக் கழன்றது. தண்ணீருக்குள்ளேயே தாங்கிப் பிடித்து, "போடா ராஜா, இன்னும் பெருசாகி வா," என்றாள். டோய்ல் வழக்கமாகச் சொல்வது. வால் ஒரு முறை சொடுக்கியது. போய்விட்டது.

அப்புறம்தான் உறைத்தது. முப்பது வருஷமாகப் பிடித்த மீனையெல்லாம் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுப் பழகிய கை. அதனிடம் யாரும் வாக்கு வாங்கவில்லையே!

மத்தியானம் இடியும் மழையும் இறங்கியதில் தூண்டில் போட முடியவில்லை. அடுத்த நாளும் ஒன்றும் கடிக்கவில்லை. சாப்பாடு தீர்ந்ததும் வழியெல்லாம் தன்னைத் திட்டிக்கொண்டே இறங்கினாள்.

வீட்டில் அடுப்பு மேல் வாணலி பளபளத்தது. டோய்ல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

"விட்டுட்டேன் டோய்ல்." மூட்டையைக்கூட இறக்காமல் வாசலிலேயே நின்றாள். "கை தானா விட்டுருச்சு. என்ன மன்னிச்சுரு."

"தெரியும். அதான் காலைலயே ஃப்ரீசர்லருந்து மான்கறிய வெளிய எடுத்து வச்சுட்டேன்." சிரித்தான். பிறகு கேட்டான்: "அத என்ன சொல்லி விட்ட?"

சொன்னாள்.

டோய்ல் கண்ணை மூடிக்கொண்டான். "அப்போ சரி. நான் போக முடியாட்டி என்ன, எனக்குத் தெரிஞ்சவன் ஒருத்தன் அங்க தண்ணிக்குள்ள இருக்கான்."

ஆர்லீன் மூட்டையை இறக்கிவிட்டு, அவன் தோளில் முகத்தை வைத்து அழுதாள். கறி வேகும்வரை அழுதாள்.