ஒரு பிஸ்டல், இரண்டு கைப்பிடிகள்

நான் ஏர் பிஸ்டல் சுடுகிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பத்தில் என்னைக் கேலி செய்யாதவர்கள் குறைவு. காலையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, "இன்னிக்கு யாரச் சுடப் போற புள்ள?" என்று இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். திருவிழாவில் பலூன் சுடுவதுதான் அவர்கள் பார்த்த துப்பாக்கிச் சுடுதல். நானும் சும்மா போகமாட்டேன். "மொத குண்டு உனக்குத்தான் மாமா" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

பக்கத்தில் இருந்த சுரங்கக் கம்பெனியின் நகரியத்தில், மனமகிழ் மன்றத்துக்குப் பின்னால், உடைந்த நாற்காலிகள் போட்டு வைத்திருந்த ஒரு நீள ஷெட்டைச் சுத்தம் செய்துதான் எங்கள் கிளப் தொடங்கியது. ஒரு கோடியில் நாங்கள் நிற்போம், பத்து மீட்டர் தள்ளி மறு கோடியில் காகித இலக்கு தொங்கும். அதைத் தொடங்கியவர் என் தோழியின் அப்பா. தெற்கத்திக்காரர், சுரங்கத்தில் பர்மனென்ட் வேலை. நாங்கள் அவரை அங்கிள் என்போம். உள்ளதைச் சொல்ல வேண்டும், அவர் இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் தொழிலாளி மகள் நான் பிஸ்டலைத் தொட்டே இருக்கமாட்டேன். "குவார்ட்டர்ஸ் பிள்ளைகளுக்கு மட்டும்தானா?" என்று என் தோழி கேட்ட அன்றே, "யார் வேணா வரட்டும்" என்று சொன்னவர் அவர். அவள் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தாள். எங்கள் பள்ளியும் நகரியத்துக்குள்தான்.

கிளப்பில் போட்டிக்கு லாயக்கான பிஸ்டல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, வெளிநாட்டுச் சரக்கு. அதை நாங்கள் இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். அதில் ஒரு சிக்கல், நான் இடது கைக்காரி. இந்த விளையாட்டில் மரக் கைப்பிடி உள்ளங்கையை இடைவெளி இல்லாமல் நிரப்ப வேண்டும், அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி. வலது கைக்குச் செய்ததை இடது கைக்காரி பிடிக்கவே முடியாது.

எனக்கு இடது கைப்பிடி செய்து கொடுத்தவர் என் அப்பா. கம்பெனிக்குள் கான்ட்ராக்டில் தச்சு வேலை பார்த்தார். ஒரு பலாமரத் துண்டை எடுத்து வந்து, தினமும் வேலை முடிந்து வந்ததும் உட்கார்ந்து தேய்ப்பார். அம்மாவின் கண்மையை என் உள்ளங்கையில் தடவிவிட்டுப் பிடிக்கச் சொல்வார். மரத்தில் மை ஒட்டிய இடம் கையை அழுத்துகிற இடம். அங்கே அரத்தால் ஒரு இழை தேய்ப்பார், மறுபடி மை, மறுபடி பிடி. "கண்ணுக்கு வைக்கிறத கையில பூசிக்கினு என்னா விளையாட்டு இது" என்று அம்மா திட்டுவாள். அப்பா சிரித்துக்கொண்டே தேய்ப்பார். மழைக்காலம் முழுக்க அது நடந்தது. கடைசியில் அந்தக் கைப்பிடி என் கையில் வந்து உட்கார்ந்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது. சுட்டு முடித்தவள் தன் கைப்பிடியைக் கழற்றி, அடுத்தவளுடையதை மாட்டி, குறி பார்க்கும் சைட்டையும் அடுத்தவள் அளவுக்குத் திருப்பித்தான் பிஸ்டலைத் தர வேண்டும். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நாங்களாக வைத்துக்கொண்டது. அவள் மாட்டிய திருகாணியை நான் ஒருநாளும் முறுக்கிப் பார்த்ததில்லை. அவளும் அப்படித்தான்.

அந்த வருஷம் மண்டலத் தேர்வுப் போட்டி வந்தது. ஜூனியர் பெண்களில் ஒருத்தியைத்தான் மாநிலப் போட்டிக்கு அனுப்புவார்கள். பயிற்சியில் சில மாதங்களாக நான்தான் அவளுக்கு முன்னால் இருந்தேன். ஷெட்டில் எல்லோருக்கும் அது தெரியும். ஜெயித்தால் மாநிலம், அங்கே நன்றாகச் சுட்டால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி. எங்கள் வீட்டில் யாரும் கல்லூரி வாசலை மிதித்ததில்லை. நான் மிதித்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு திரிந்தேன்.

போட்டி பக்கத்து மாவட்டத்தில். அங்கிளும் அவளும் பிஸ்டலோடு காரில் போனார்கள். நானும் அப்பாவும் பஸ்ஸில். அம்மா என் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு அனுப்பினாள். துண்டில் சுற்றிய கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே போனேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "செத்த கண்ண மூடிக்கினு வா பாப்பா" என்று மட்டும் சொன்னார். பதற்றம் எனக்கிருக்க வேண்டியது அவருக்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சுற்றில் அவள். நன்றாகச் சுட்டாள், நானே கை தட்டினேன். அடுத்த சுற்றில் நான். அவள் வெளியே வந்ததும் கைப்பிடியை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, அங்கிளைப் பார்த்தாள். அவர் பிஸ்டலைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தார்.

"சீல் போயிருச்சும்மா. காத்து லீக் ஆகுது. கடைசி ரெண்டு ஷாட்டே தட்டுத் தடுமாறித்தான் போச்சு. இதை வச்சு நீ சுட முடியாது."

அப்பா, "சரிங்க சார்" என்றார். வீட்டில் எந்த இயந்திரம் கெட்டாலும் ஸ்குரூ டிரைவரோடு முதலில் உட்காருகிறவர், அந்தப் பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்கவில்லை. அது அன்று என் கண்ணில் பட்டது, மண்டையில் ஏறவில்லை.

வேறு ஊர்ப் பெண் ஒருத்தி தன் பிஸ்டலைத் தர முன்வந்தாள். அதன் கைப்பிடி வலது கைக்கானது, என்னுடையது அதில் பொருந்தவும் இல்லை. வலது கையால் சுட்டுப் பார்த்தேன். குண்டுகள் கறுப்பு வட்டத்தின் பக்கமே போகவில்லை. பக்கத்து இலக்குக்காரி திரும்பிப் பார்த்தாள். பாதியிலேயே விலகிக்கொள்கிறேன் என்று நடுவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். என் தோழி அழுதுகொண்டிருந்தாள். அவளை நான்தான் தேற்றினேன். "நீ சுடும்போது கெட்டுப் போகாம இருந்துச்சே, அதுவே பெரிசுடி" என்றேன். இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாநிலப் போட்டிக்கு அவள் தேர்வானாள். ஒரு வாரம் கழித்து, பிஸ்டல் ரிப்பேருக்குப் போயிருக்கும், சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று ஷெட்டுக்குப் போனேன். அதே பிஸ்டலில் அவள் சுட்டுக்கொண்டிருந்தாள். அங்கிள் அன்று இல்லை.

"எப்ப ரிப்பேர் பண்ணீங்க?"

அவள் பிஸ்டலைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல வராதவள். "ரிப்பேர் இல்லடி" என்றாள்.

கூட இருந்தே குழி பறித்துவிட்டாயே என்று கத்தினேன். இன்னும் என்னென்னவோ கத்தினேன், எழுத முடியாதவை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, "எங்க அப்பாவ என்ன வேணா சொல்லு. என்னையும் சொல்லு. ஆனா உங்க அப்பாவுக்கு முதல் நாளே தெரியும்டி. அவர்ட்ட போய்க் கேளு" என்றாள்.

அவளை நான் நம்பவில்லை. இருந்தாலும் என் கால்கள் தொழிலாளர்கள் வண்டி நிறுத்தும் ஸ்டாண்டுக்குத்தான் போயின. ஷிப்ட் முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்ததும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார்.

"பிஸ்டல் லீக் ஆவலன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"வூட்டுல போயிப் பேசிக்கலாம் பாப்பா."

"இங்கயே சொல்லு."

அவர் சாப்பாட்டுப் பையை மொபெட்டில் மாட்டினார், எடுத்தார், மறுபடி மாட்டினார். "போட்டிக்கு மொத நாளு சார் கூப்ட்டாரு. எம்பொண்ணுக்கு இதான் கடைசி வருஷம், உம்பொண்ணுக்கு அடுத்த வருஷமும் இருக்குது, இந்த ஒரு வாட்டி வுட்டுக் குடுக்கட்டுமேன்னாரு. உங்கிட்ட நேரா சொன்னா நீ ஒத்துக்க மாட்ட, அதான் லீக்குன்னு சொல்லிக்கலாம்னாரு."

"அதுக்குப் பதிலா உனக்கு என்னா செய்றன்னாரு? பர்மனென்ட் ஆக்கி வுடறன்னாரா?"

ஆமாம் என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது எனக்கு. வீட்டுக்காகச் செய்தேன், உன் தம்பிக்காகச் செய்தேன், குவார்ட்டர்ஸ் கிடைக்கும் என்று செய்தேன் என்று ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் சண்டை போட்டு, அழுது, பிறகு ஆறியிருப்பேன்.

"ச்சே, சாரு அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலம்மா."

"நீயாவது கேட்டியா?"

"அவுரு கேட்டாரு. சரிங்க சார்னுட்டேன்."

அவ்வளவுதான் நடந்தது. ஒரு பர்மனென்ட்காரர் கேட்டார், ஒரு கான்ட்ராக்ட்காரர் சரி என்றார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யார் எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருகிற சொல் அது. ஸ்டூலைத் தூக்கிட்டு வா, சரிங்க சார். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து கதவைச் சரி பண்ணிக் கொடு, சரிங்க சார். உன் பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல், சரிங்க சார். மழைக்காலம் முழுக்க என் கையைப் பிடித்துப் பிடித்துத் தேய்த்தவருக்கு, என் விஷயத்தில் மட்டுமாவது அந்தச் சொல் தொண்டையில் சிக்கவில்லையே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்பா மொபெட்டை உதைத்துக் கிளப்பினார். "ஏறு பாப்பா" என்றார். நான் ஏறவில்லை, பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். அவர் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ் வரும்வரை சாலையோரமாக நின்றார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னல் வழியாக, "சில்லற வச்சிக்கினு இருக்கியா?" என்று கேட்டார். நான் அவரைப் பார்க்காமல் கண்டக்டரிடம் காசை நீட்டினேன்.