சுவரைப் பார்த்துக் கூப்பிடுகிறவள்

மாலை ஐந்தரைக்குத் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, செக்கேசாய் முற்றத்துக்கு வந்து நாயைக் கூப்பிடுகிறாள். நாய் இருப்பது வீட்டுக்குள்ளே, சாமான் அறையில். அவள் முகம் திரும்பியிருப்பது பக்கத்து வீட்டுச் சுவரின் பக்கம். "முச்சன்யாரா! முச்சன்யாரா!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்துகிறாள். நாய் வருவதில்லை. அது வர வேண்டும் என்று அவள் கூப்பிடுவதும் இல்லை.

'ஒருநாள் வெட்கப்படுவீங்க' என்று அந்தப் பேருக்கு அர்த்தம். டங்காம்வுரா ஊரில் யாரும் நாய்க்குச் சும்மா பேர் வைப்பதில்லை. நேரில் சொன்னால் அடிதடியாகிவிடும் பேச்சை நாயின் தலையில் கட்டிவிட்டால் தினமும் சொல்லிக்கொள்ளலாம். யாராவது வாயைத் திறந்தால், நாயைத்தானே கூப்பிட்டேன் என்று விடலாம்.

வெட்கப்பட வேண்டியவர்கள் பக்கத்து வீட்டிலிருக்கும் கொழுந்தன் லவ்மோரும் அவன் பெண்டாட்டியும். ஐந்து வருஷத்துக்கு முன்பு செக்கேசாயின் புருஷன் எனோக் இறந்தபோது, சொந்தக்காரர்கள் கூடி அவன் துணிமணிகளைப் பங்கு போட்டார்கள். அது வழக்கம்தான். அலமாரியும் சைக்கிளும் சேர்ந்து போனது வழக்கம் இல்லை. பழுப்புக் கோட்டை மட்டும் விட்டுவிடச் சொல்லி அவள் கெஞ்சினாள். ரத்த சொந்தத்துக்குத்தான் துணி என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறுதோறும் அந்தக் கோட்டு லவ்மோரின் தோளில் ஏறி அவள் வாசலைக் கடந்து கோயிலுக்குப் போகிறது. பார்க்கிற வயிறு எரியாமல் என்ன செய்யும்?

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு நாய் உண்டு. அதன் பேர் ரேகாய், 'விட்டுத் தள்ளுங்க'. ஓரகத்தி அதைக் கத்திக்கூடக் கூப்பிடுவதில்லை. குழந்தையைக் கூப்பிடுவதுபோலக் கொஞ்சிக் கூப்பிடுவாள். செக்கேசாய்க்குப் பேரைவிட அந்தக் குரல்தான் ஆகாது. ஓரகத்தியை அவள் பிள்ளையின் பேரைச் சேர்த்து ஊர் 'ருவிம்போ அம்மா' என்கிறது. பிள்ளை இல்லாத செக்கேசாய் ஐம்பத்தெட்டு வயதிலும் வெறும் செக்கேசாய்தான்.

நாயை அவள் விலங்குக் காப்பகத்திலிருந்து கொண்டுவந்தாள். கழுத்தில் கம்பி அறுத்த தழும்பு. துடைப்பம் எடுத்தால் நின்ற இடத்தில் மூத்திரம் போய்விடும். காப்பகத்துப் பெண் ஃபட்ஸாய் சொன்னதையெல்லாம் செக்கேசாய் வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முதலில் ஒரே ஒரு சின்ன அறை போதும், கண்ணுக்கு நேராகப் பார்க்கக் கூடாது, தலைக்கு மேலே கை கொண்டுபோகக் கூடாது, கேட் எப்போதும் சாத்தியிருக்க வேண்டும். பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு தைத்துக்கொண்டே அறை வாசலில் பக்கவாட்டாக உட்கார்ந்திருப்பாள். களியில் மத்தெம்பா கருவாட்டைப் பிசைந்து தட்டைத் தள்ளிவிட்டு, "தின்னுடி மகராசி, நான் பாக்கல" என்பாள். மூன்றாம் வாரம் நாய் அவள் முழங்காலில் மூக்கை வைத்தது. அன்று அவள் ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் இடதாகவே வைத்துத் தைத்தாள்.

போன மாதம் ஃபட்ஸாய் பார்க்க வந்தபோது மணி ஐந்தரை. முற்றத்துக் கத்தலையும், நாய் மேசைக்கடியில் ஒடுங்கி நடுங்கியதையும் ஒன்றாகப் பார்த்துவிட்டாள்.

"அம்மா, அந்தப் பேரைக் கேட்டாலே அடி விழும்னு நெனைக்குது. நாளைக்கு கேட் தொறந்து ஓடிடுச்சுன்னா எப்படிக் கூப்புடுவீங்க? வேற பேரு வைங்க. இல்லன்னா நான் திருப்பிக் கொண்டுபோக வேண்டியதுதான்."

"பேரை மாத்துனா அவங்க ஜெயிச்சாங்கன்னு ஆயிடும்மா" என்றாள் செக்கேசாய்.

அடுத்த வியாழக்கிழமை சீருடை வாங்க வந்த ஒருத்தி கேட்டைச் சாத்தாமல் போய்விட்டாள். நாய் தெருவில் இறங்கியது. செக்கேசாய் ஊசியும் கையுமாகப் பின்னால் ஓடினாள். வாயில் வந்தது அந்த ஒரே பேர்தான். அவள் கூப்பிடக் கூப்பிட நாய் விலகி ஓடியது, சிற்றுந்துகள் பறக்கும் பெரிய சாலையை நோக்கி. ஒரு வண்டி கிறீச்சிட்டு நின்றது. இன்னும் ஒருமுறை கத்தினால் நாய் சக்கரத்தில்தான் விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாலையோரம் கோயில் மாதர் சங்கத்துச் சிவப்புச் சட்டையில் ருவிம்போ அம்மா வந்துகொண்டிருந்தாள். கைப்பையைக் கீழே வைத்தாள். நாயைப் பார்க்காமல் புழுதியில் குந்தினாள். தினமும் மாலையில் அவளை நோக்கி எறியப்பட்ட அதே பேரை, தன் நாயைக் கூப்பிடுகிற அதே குரலில் சொன்னாள்.

"முச்சன்யாரா... வாடி தங்கம். வா."

நாய் நின்றது. காதுகள் முன்னால் வந்தன. வயிறு தரையில் தேய ஊர்ந்து போய் அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்தது.

தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. ஓரகத்தி பாவாடைமேல் சுற்றியிருந்த இடுப்புத் துணியை அவிழ்த்து நாயின் கழுத்தில் சுற்றிப் பிடித்து, நடத்திக் கூட்டிவந்தாள். "இந்தாங்கக்கா" என்று துணியின் முனையை நீட்டினாள். முகத்தில் இளக்காரம் இருக்கிறதா என்று செக்கேசாய் தேடினாள். இல்லை. இருந்திருந்தால் திட்டவாவது முடிந்திருக்கும்.

செக்கேசாய் முழங்காலை மடித்தாள். உள்ளங்கைகளைக் குழித்து, அந்த ஊரில் பெரியவர்களுக்கு நன்றி சொல்லும்போது தட்டுவதுபோல இரண்டு தரம் கை தட்டினாள், நாய் மிரளாத அளவுக்கு மெதுவாக.