பாஞ்சாலை எதிரே வந்தாள்

மரக்காணம் உப்பளத்தில் பாஞ்சாலையின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவன் அவள் புருஷன் கலியமூர்த்தி, இன்னொருத்தி கூட வேலை பார்த்த அருக்காணி. அருக்காணிக்குக் காது சரியாகக் கேட்காது, அதனால் அவளைக் கணக்கில் சேர்ப்பது நியாயமில்லை. மற்றவர்கள், அளத்து முதலாளி சிவப்பிரகாசம் உட்பட, கூடையும் உப்புமாக அவள் வரப்பில் எதிரே வந்தால் சட்டென்று ஒதுங்கி வழி விட்டுவிடுவார்கள். பாஞ்சாலைக்கு அதில் ஒரு பெருமைதான்.

கலியமூர்த்தி போலீஸ்காரன். சாராயக் கேன் புதைத்து வைத்திருக்கிறார்களா என்று சோதனை போட வந்தவன், அவள் காலையிலிருந்து குவித்து வைத்த உப்பில் லத்தியை விட்டுக் குத்திப் பார்த்தான். அவ்வளவுதான், பிடித்தாள் பிடி. அவன் தாத்தா வரைக்கும் போய்வந்தாள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவன் முழுவதையும் கேட்டான். அடுத்த மாதம் அதே தொப்பியோடு பெண் கேட்டு வந்து நின்றான். இந்த வாயை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக ஒருவன் துணிந்தானே என்று உப்பளமே வாயைப் பிளந்தது.

ஆறு வருஷம் வாழ்ந்தார்கள். பிள்ளை இல்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவளுக்கு முன்னால் அவன் முந்திக்கொண்டு சண்டைக்குப் போவான். அவனுக்கும் வாய் வளர்ந்திருந்தது, சேர்க்கை அப்படி.

மதுவிலக்கு மறுபடியும் வந்த பிறகு புதுச்சேரிப் பக்கமிருந்து சரக்குக் கடத்துவது பெருத்துப்போயிற்று. கிளியனூர் செக்போஸ்ட்டில் கலியமூர்த்திக்கு டூட்டி. எழுபத்தைந்தில் ஒரு சாயங்காலம், சரக்கு ஏற்றிவந்த கார் ஒன்றை அவன் நடுரோட்டில் நின்று கை காட்டி நிறுத்தப் பார்த்தான். கார் நிற்கவில்லை. அவன் விலகவும் இல்லை. பக்கத்தில் நின்ற ஏட்டு பக்தவச்சலம்தான் அவனை ஜீப்பில் மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியிலேயே உயிர் போய்விட்டது.

அதற்குப் பிறகும் பாஞ்சாலை உப்பளத்துக்குப் போனாள். அதற்குப் பிறகும் வரப்பில் எதிரே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஆனால் இது வேறு ஒதுக்கம். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டே ஒதுங்கியவர்கள் இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். திண்டிவனம் சந்தைக்குக் கிளம்பியவன் அவளைப் பார்த்ததும் வீட்டுக்குள் திரும்பிப்போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி கிளம்பினான். இந்த அக்கிரமத்தை யாராவது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதில் கொடுத்திருப்பாள். முகத்தைத் திருப்புகிறவனோடு எப்படிச் சண்டை போடுவது? இரண்டு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

எழுபத்தேழு அக்டோபரில் சிவப்பிரகாசமும் இன்னும் சில பெரியமனிதர்களும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். பணியில் உயிர்விட்ட போலீஸ்காரர்களின் நினைவாக மோட்டார் சைக்கிள் ஊர்வலம். புல்லட், ராஜ்தூத், ஜாவா என்று நாற்பது வண்டிகள் மரக்காணத்தில் கிளம்பி, திண்டிவனம் வழியாகக் கிளியனூர் செக்போஸ்ட் போய், கலியமூர்த்தி படத்துக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பும். வழியில் ஊருக்கு ஊர் உண்டியல் ஏந்துவார்கள். சேருவது செத்தவர்களின் குடும்பங்களுக்கு. முதல் வண்டியை ஓட்டப்போவது ஏட்டு பக்தவச்சலம்.

அவர்தான் சேதி சொல்ல வந்தார். வந்தவர் உட்காரவில்லை.

"தங்கச்சி, உன்ன ஜீப்புல நேரா கிளியனூருக்கு இட்டுக்கினு போயிடுவாங்க. மேடையில உக்காரலாம். காலையில வண்டி கெளம்பறப்போ மட்டும் நீ அங்க வர வேணாம்."

"ஏண்ணா?"

"உனக்குத் தெரியாததா? சக்கரத்துக்குக் கீழ எலுமிச்சம்பழம் வெப்பாங்க, கற்பூரம் காட்டுவாங்க. மொதலாளி வூட்டம்மா நெறகுடத்தோட எதிர்ல வர்றாங்க."

பாஞ்சாலை ஒன்றும் சொல்லவில்லை. பக்தவச்சலம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருஷம் பழகியும் மனுஷருக்கு அவளைத் தெரியவில்லை.

அன்று காலை உப்பு கோடவுன் எதிரே ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. மழைக்காலம் பிறந்துவிட்டதால் பாத்திகளில் செந்தண்ணீர் நின்றது, உப்புக் குவியல்களுக்கு ஓலை வேய்ந்தாயிற்று, வேலையில்லாத சனம் முழுவதும் வேடிக்கை பார்க்க வந்திருந்தது. எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. நிறைகுடத்தோடு முதலாளி வீட்டம்மா அடியெடுத்து வைத்தபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாஞ்சாலை வந்து முதல் வண்டிக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு நடுவில் நின்றாள். முதலாளி வீட்டம்மா குடத்தோடு அப்படியே பின்வாங்கினார்.

சிவப்பிரகாசம் ஓடிவந்தார். "பாஞ்சால, ஓரமா நில்லும்மா. நல்ல நேரம் போயிடும்."

"யாரு நெனப்புல வண்டி வுடறீங்க மொதலாளி?"

"தெரியாத மாதிரி கேக்கறியே. செத்துப்போன போலீஸ்காரங்களுக்குத்தான்."

"அவங்க செத்தது பெருமை, அவங்க பொண்டாட்டி உசுரோட நிக்கறது தரித்திரமா?"

கூட்டத்தில் யாரோ "ஆரம்பிச்சிட்டாடா" என்றான். பக்தவச்சலம் வண்டியை விட்டு இறங்காமலே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தங்கச்சி, நாப்பது பேரு ரோட்டுல போறாங்க. மழை வேற வருது. ஒருத்தனுக்கு ஒண்ணு ஆச்சின்னா ஊரு உன்னதான் சொல்லும். உனக்காவத்தான் சொல்றேன்."

"அன்னிக்கி அவரு டூட்டிக்குக் கெளம்பறப்போ எதிர்ல வந்தது யாரு தெரியுமாண்ணா? நான்தான். தலை நெறைய பூவு, நெத்தியில பொட்டு, இடுப்புல தண்ணிக் கொடம். நல்ல சகுனம்டின்னு சிரிச்சிக்கினே போனாரு. என்னா ஆச்சி? போலீஸ்காரன் கைய காட்டி நிக்காத காரு, என் பூவுக்கும் பொட்டுக்கும் நிக்குமா?"

பக்தவச்சலம் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் காரை அவரும் பார்த்தவர்தானே.

"இங்கதான் நிப்பேன்," என்றாள் பாஞ்சாலை. "என் மூஞ்சியப் பாத்துட்டுக் கெளம்பறவன் கெளம்பட்டும். பயமா இருக்கறவன் வண்டிய வூட்டுக்குத் தள்ளிக்கினு போவட்டும்."

பக்தவச்சலம் கிக்கரை ஓங்கி உதைத்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகும்போது, "போயிட்டு வர்றேன் தங்கச்சி" என்றார். அடுத்தவனும் அதையே சொன்னான். பின்னால் வந்தவர்களில் சிலர் வாய்விட்டுச் சொன்னார்கள், சிலர் தலையை மட்டும் ஆட்டினார்கள், ஒன்றிரண்டு பேர் கண்ணை மூடாத குறையாகத் தாண்டிப்போனார்கள். ஆனால் ஒருவனும் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகவில்லை.

கடைசி வண்டியின் புகை அடங்கிய பிறகுதான் பாஞ்சாலை ரோட்டை விட்டு ஓரத்துக்கு வந்தாள். ஜீப் காத்திருந்தது. அவள் ஏறவில்லை. மேடையும் மாலையும் எங்கே போய்விடும்? அவளுக்கு இப்போது ஒரே கவலை. நாற்பது பேரில் ஒருவன் வழுக்கி விழுந்தாலும் போதும், புருஷனைத் தின்றது பத்தாமல் இவனையும் தின்றாள் என்று சொல்லிவிடுவார்கள். அந்தப் பழி அவளோடு போகாது. இந்தக் கடற்கரையில் தாலியறுத்த எவளும் அப்புறம் தெருவில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. வாயைத் திறந்து எல்லோர் பங்குக்கும் சேர்த்துப் பந்தயம் கட்டிவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது. கோடவுன் வாசலிலேயே நின்றாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அருக்காணி கஞ்சி கொண்டுவந்தாள், இறங்கவில்லை.

சாயங்காலம் வண்டிகள் நனைந்துகொண்டு திரும்பின. மேடையில் பேசினார்கள், உண்டியல் நிரம்பியது, எல்லாம் நன்றாக நடந்தது என்றார்கள். ஆனால் முதலில் போன பக்தவச்சலத்தைக் காணோம்.

"திண்டிவனம் வரைக்கும் பின்னால வந்தாரே," என்றான் ஒருவன். உடனே கூட்டம் அவள் பக்கம் திரும்பியது. சிவப்பிரகாசம் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சுக்கு அவரை அறைந்திருக்கலாம். பாஞ்சாலை இடத்தை விட்டு அசையவில்லை. ஓடி ஒளிந்தால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

இருட்டும் நேரத்தில் ஒரு மனுஷர் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு மழையில் நடந்து வந்தார். முழங்கால் வரை சேறு.

"செயின் அறுந்துச்சி," என்றார் பக்தவச்சலம் மூச்சு வாங்க. "ஆளுக்கு ஒண்ணும் இல்ல."

"பாத்தியா, செயின் அறுந்துச்சாம்," என்று ஒருவன் முணுமுணுத்தான்.

"செயின் அறுந்தா என்னை ஏன்டா பாக்கற? அதுக்கு எண்ணெய் போடாதவனைப் பாரு!" என்றாள். பக்தவச்சலமே முதலில் சிரித்தார். பிறகு கூட்டமும் சிரித்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு பாஞ்சாலை அழுதாள். போனவர்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அவன் ஒருவன் வந்திருக்கக் கூடாதா என்று வாய்விட்டு அழுதாள். அந்த அழுகையை ஊர் கேட்கவில்லை, கேட்க அவள் விடவும் இல்லை.

அடுத்த வருஷமும் ஊர்வலம் வைத்தார்கள். இந்த முறை சிவப்பிரகாசமே அவள் வீட்டு வாசலுக்கு வந்தார், கையில் தட்டு, தட்டில் எலுமிச்சம்பழம்.

"நீதான் எதிர்ல வரணும் பாஞ்சால. போன வருஷம் நீ நின்னதுலதான் ஒருத்தனுக்கும் ஒரு கீறல் இல்லன்னு பசங்க சொல்றானுங்க. ராசியான மூஞ்சியாம்."

பாஞ்சாலை தட்டை வாங்கவில்லை.

"போன வருஷம் பீடை, இந்த வருஷம் ராசியா? ரெண்டையும் நீங்களே வெச்சிக்குங்க மொதலாளி. கலியமூர்த்தி பொண்டாட்டி வாம்மான்னு கூப்புடுங்க, வர்றேன்."

சிவப்பிரகாசம் தட்டோடு நின்றார். தொண்டையைக் கனைத்தார். பிறகு, அக்கம்பக்கத்தில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அப்படியே கூப்பிட்டார்.