கிருமித் தண்ணீரில் நனைந்த காப்பு

நான் வேலை செய்யும் இடத்தில் உள்ளே போகும்போது கை கழுவாவிட்டாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். வெளியே வரும்போது கட்டாயம் கழுவ வேண்டும். கால் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழைந்து வளர்ந்த எனக்கு இது இன்றைக்கும் தலைகீழாகத்தான் படுகிறது. சூரிச்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆய்வுகூடம், லபோர் என்பார்கள். அங்கே கிருமிகளின் உள்ளமைப்பை மாற்றி வளர்க்கிறார்கள். அவை தங்கள் உடம்பிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழைகளை விடுமாம். அந்த இழையில் மின்சாரம் ஓடுமாம். அதைக் கொண்டு தூசியைவிடச் சிறிய மின்சுற்றுகளைக் கட்டுகிறார்களாம். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு இவ்வளவுதான் விளங்கியது. கிருமி வளர்ந்த போத்தல்களை நீராவியில் அவித்துக் கழுவுவது என் வேலை.

கிருமி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பயம். ஊரில் சண்டை வந்து இடம்பெயர்ந்து ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தபோது என் தங்கச்சி வயிற்றோட்டத்தில் இரண்டே நாளில் போய்விட்டாள். கிணற்றில் கிருமி என்று பிறகு சொன்னார்கள். பார்க்கத் தெளிந்த தண்ணீர். நான்தான் அள்ளிக் கொடுத்தேன்.

என் மனைவி சாந்தி மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்கிறவள். உடம்பு அதை எதிர்க்காமலிருக்க மருந்து எடுப்பதால் சளி, தடிமன் என்று சின்னதாக வந்தாலே ஆஸ்பத்திரிதான். அவளுக்காக இந்தக் கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் பிடித்து, கோயிலில் வலது கையில் காப்புக் கட்டினேன். லபோரில் மணிக்கட்டில் ஒன்றும் இருக்கக்கூடாது. முருகனுக்கென்று கட்டியதை எப்படிக் கழற்றுவது? கையுறைக்குள் மறைத்துக்கொண்டு போனேன். மூன்றாம் நாள் ஒரு போத்தலின் மூடி கழன்று, அவிக்காத தண்ணீர் கையுறைக்குள் இறங்கிவிட்டது. கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். காப்பு நூல் மட்டும் ஈரமாகவே இருந்தது. ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் காப்பைக் காட்ட வேண்டும்.

ரயிலில் கம்பியைப் பிடிக்காமல் நாங்கள் இருக்கும் அட்லிஸ்வில்லுக்கு வந்து, வீட்டு வாசலிலேயே நின்றேன்.

"என்னப்பா, சூரனைக் கண்ட மாதிரி நிக்கிறியள்? பால் ஆறுது, வாங்கோ."

"கிட்ட வராதையப்பா!" நடந்ததைச் சொன்னேன்.

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "முதல்ல உங்கட பொறுப்பாளருக்குப் போன் அடியுங்கோ."

காப்பையும் சேர்த்து நான் சொன்னதைப் பொறுப்பாளர் ரெகுலா பொறுமையாகக் கேட்டாள். "பயப்படாதீர்கள். சுகதேகிகளுக்கு அந்தக் கிருமி ஒன்றும் செய்யாது."

"என் மனைவிக்கு மாற்றுச் சிறுநீரகம்."

அவள் குரல் அவசரமானது: "உடனே அந்தக் கயிற்றை வெட்டிப் பையில் கட்டுங்கள். மனைவியின் டாக்டருக்கும் சொல்லுங்கள். அது விலை கூடியதா? புதிது வாங்கித் தருகிறோம்."

அவளுக்கு என்னவென்று விளங்கப்படுத்துவது? ஐயர் அவிழ்க்க வேண்டிய காப்பு அது.

சாந்தி கத்தரிக்கோலோடு வந்தாள். "கீழ வைச்சிட்டுத் தள்ளிப் போ" என்று கத்தினேன். இடது கையால் அதை எடுத்துக்கொண்டு பல்கனிக்குப் போய்க் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.

"வெட்டுங்கோப்பா!"

"இன்னும் மூண்டு நாள் கிடக்கு. முருகன் என்ன நினைப்பார்?"

"நான் செத்தா அவருக்கு ஆர் அருச்சினை செய்யிறது? வெட்டுங்கோ!" கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதழுது அதட்டினாள்.

இடது கைக்குக் கத்தரிக்கோல் படியவில்லை. நூல் நாலைந்து தரம் நழுவி, பிறகுதான் அறுந்தது. முருகா, அந்த நேரம் உன் பெயரைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் ரெகுலா பையை வாங்கித் தானே நீராவியில் அவிக்கும் இயந்திரத்தில் போட்டாள். "இனி ஒளிக்காதீர்கள்" என்றதோடு சரி. இரண்டு கிழமைக்கு, பதினாலு நாளும், காய்ச்சல் வருகிறதா என்று கவனிக்கும்படி டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று ஒன்பதாம் நாள். காலையில் விளக்கேற்றுமுன் சாந்தியின் காய்ச்சலைப் பார்க்கிறேன். கருவி சத்தம் போட்ட பிறகுதான் நெருப்புக்குச்சியை எடுக்கிறேன்.

விரதத்தை விடவில்லை. சூரன்போரன்று கோயிலில் எல்லோரும் தலைக்கு மேல் கைகூப்பி அரோகரா சொன்னார்கள். கையைத் தூக்கினால் சட்டைக்கை வழுகி வெறும் மணிக்கட்டுத் தெரியும் என்று நான் நெஞ்சோடு வைத்தே கும்பிட்டேன். அடுத்த வேலை நாள் லபோர் வாசலில், ஒருவரும் கேட்காமலே, சட்டைக்கையை மடித்து அதே கையை ரெகுலாவுக்கு உயர்த்திக் காட்டினேன்.