ராஜேஸ்வரியின் அட்டையில் எடுத்த புத்தகங்கள்

"தெரிஞ்சவங்கன்னு ஒரு கையெழுத்துப் போடறதுல என்னங்க டீச்சர் சிரமம்?"

பத்து வருடங்களுக்கு முன்பு எங்கள் ஊர் நூலகர் ராஜேஸ்வரி என்னிடம் இப்படிக் கேட்டார். சென்ற மாதம் ஒரு காலையில் சித்ரா கைபேசியில் அழைத்து, "டீச்சர், நூலக அக்கா போயிட்டாங்க" என்றபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்தக் கேள்விதான். முதல் நாள் நெஞ்சு வலி என்று சேலத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். மறுநாள் விடிந்ததும் முடிந்துவிட்டது. ஐம்பத்து நான்கு வயது.

பரமத்தி வேலூர் பக்கம் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் அவரைப் பார்த்திருப்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே அறை. மூன்று மின்விசிறிகளில் ஒன்று, அவர் விளக்குமாற்றுக் கட்டையால் தள்ளிவிட்டால்தான் சுற்றும். யார் வந்தாலும் பெயர் சொல்லி "வாங்க" என்பார். பெயர் தெரியாதவர் என்றால் முதலில் பெயரைக் கேட்பார். எந்தத் தெரு என்று கேட்டதே இல்லை. எங்கள் ஊரில் அது சின்ன விஷயம் இல்லை.

சித்ரா கிழக்குத் தெரு. வெற்றிலைக் கொடிக்காலில் இலை கிள்ளும் வேலை. எட்டாம் வகுப்பு வரை என்னிடம் படித்தவள். நூலகத்தில் உறுப்பினராகச் சேரப் படிவம் வாங்கினாள். அதன் அடியில், அரசு வேலையில் இருக்கும் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும். நூலகரே போடக் கூடாது. மேற்குத் தெருப் பிள்ளைகளுக்கு மாமாவோ சித்தப்பாவோ யாராவது வேலையில் இருப்பார்கள். கிழக்குத் தெருவில் அன்றும் இன்றும் அப்படி ஒருவரும் இல்லை. சித்ரா என்னிடம் வந்தாள். "புத்தகம் தொலைஞ்சா நான்தானே பதில் சொல்லணும்" என்று திருப்பி அனுப்பினேன். அதே மாதம் எங்கள் தெருப் பிள்ளைகள் நாலு பேருக்குப் படிவத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன். இதை எப்படிச் சொன்னாலும் நன்றாக இருக்காது. அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன்.

ராஜேஸ்வரி அந்தக் கேள்வியைக் கேட்டது மறுநாள். நான் கிளம்பப் பார்த்ததும், "சரிங்க டீச்சர், நான் பாத்துக்கறேன்" என்றார். தன் பெயரிலும் கணவர், மகள் பெயரிலும் இருந்த அட்டைகளில் சித்ராவுக்குப் புத்தகம் கொடுத்தார். பிறகு அவள் தெருவில் யார் கேட்டாலும் கொடுத்தார். பத்து வருடம் ஒரு தெரு அந்த மூன்று அட்டைகளில் படித்தது. நானோ, சித்ராவுக்கு எப்படியோ அட்டை கிடைத்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிட்டேன்.

சித்ரா வேலை செய்யும் கொடிக்காலின் சொந்தக்காரர் தினமும் நூலகத்துக்குப் பேப்பர் படிக்க வருவார். அவள் புத்தகம் எடுப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள், வெற்றிலையைக் குதப்பியபடியே, "ஏனுங்கம்மணி, வெத்தலை கிள்றவளுக்கெல்லாம் பொஸ்தகம் எதுக்குங்க?" என்றார். ராஜேஸ்வரி பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "வெத்தலை போடறவங்களுக்கு எதுக்குங்களோ, அதுக்குத்தானுங்க" என்றார். அங்கே படித்துக்கொண்டிருந்த நாங்கள் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தோம்.

அதே மனிதர் ஒருமுறை ஒரு தடித்த நாவலை எடுத்துப் போனார். வெள்ளத்தில் பிரிந்துபோன ஒரு குடும்பத்தின் கதை. கடைசிப் பத்துப் பக்கங்கள் இல்லை. "அந்தப் புள்ள ஊடு வந்து சேந்துச்சா இல்லீங்களா?" என்று பதறிக்கொண்டு வந்தார். "நான் இன்னும் படிக்கலீங்க. பக்கம் இருந்தப்பப் படிச்சவங்க சித்ராதான். அவங்களைக் கேளுங்க" என்றார் ராஜேஸ்வரி.

மூன்று நாள் அவர் கேட்கவில்லை. நாலாம் நாள், புத்தகம் மாற்ற வந்த சித்ராவிடம், "ஏம்மா, அந்தக் கதை என்னதான் ஆச்சு?" என்றார். அவள் நின்றபடியே சொல்ல ஆரம்பித்தாள். அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தவர், "உக்காந்து சொல்லு சாமி, கழுத்து வலிக்குது" என்று பக்கத்து நாற்காலியைக் காட்டினார். அரை மணி நேரம் அவள் சொன்னாள், அவர் கேட்டார். முடிவில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் போன பிறகு, "நெசமாவே நீங்க படிக்கலியா?" என்று கேட்டேன்.

"ரெண்டு தடவை படிச்சேனுங்க டீச்சர். நான் சொல்லியிருந்தா அவருக்குக் கதை மட்டுந்தான் தெரிஞ்சிருக்கும்."

இதனால் ஊர் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கொடிக்காலில் சித்ராவுக்கு இன்றும் தனி டம்ளர்தான். ஆனாலும் அந்த அரை மணி நேரம் நடந்தது. எங்கள் ஊரில் வேறு எங்கும் அது நடந்திருக்காது. கோயிலிலும் டீக்கடையிலும் யார் எங்கே நிற்பது என்பது முன்பே முடிவாகியிருக்கிறது.

இப்போது வாரத்துக்கு இரண்டு நாள் வேறு ஊரிலிருந்து ஒருவர் வந்து நூலகத்தைத் திறக்கிறார். நல்லவர்தான். இறந்தவரின் அட்டையை ரத்து செய்தாக வேண்டும் என்றார். மற்ற இரண்டையும் ராஜேஸ்வரியின் கணவர் ஒப்படைத்துவிட்டார். சித்ராவும் அவள் தெருக்காரர்கள் பத்துப் பேரும் புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நின்றார்கள். புதிதாகப் படிவம் வாங்கிக்கொண்டார்கள். பதினொன்றிலும் நான் கையெழுத்துப் போட்டேன். புது நூலகர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "ரிட்டயர் ஆயிட்டீங்களாங்கம்மா?" என்றார்.

"ரெண்டு வருசம் ஆச்சுங்க."

"அப்ப இது செல்லாதுங்களே. வேலையில இருக்கறவங்கதான் போடோணும்."

மாவட்ட அலுவலகத்துக்கு மனு எழுதினேன். இரண்டு முறை நேரிலும் போனேன். விதி அதுதான் என்றார்கள். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியரைக் கேட்டேன். அன்று நான் சித்ராவிடம் சொன்னதையே அவர் என்னிடம் சொன்னார். கோபித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. சித்ரா வேலை முடிந்து வருவதற்குள் நூலகத்தைப் பூட்டிவிடுகிறார்கள். அங்கேயே உட்கார்ந்து படிக்கவும் அவளுக்கு வழியில்லை. "விடுங்க டீச்சர், பாத்துக்கலாம்" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

ராஜேஸ்வரி என்னை ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. "சரிங்க டீச்சர்" என்ற அந்தக் குரலும், என் மேசைமேல் செல்லாமல் கிடக்கும் பதினொரு படிவங்களும்தான் அவர் போன பிறகு எனக்கு மிஞ்சியவை.

இதைப் படிப்பவர்களில் யாராவது இன்னும் அரசு வேலையில் இருந்தால், இந்த வாரம் உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், கையெழுத்துக்காகக் காத்திருக்கும் படிவம் ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் போட்டுவிட்டு வாருங்கள்.